தர்மாஸ்பத்திரிக்கு யார் படியளந்தார்கள்?

வட சென்னையில் வயதானவர்களிடம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால், சிலர் இன்னமும் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதானே?" என்று திருப்பிக் கேட்பார்கள். கவர்னர் பெயர் போர்டில் இருக்கிறது. ஜனங்கள் வாயில் கஞ்சித்தொட்டி இருக்கிறது. அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல.

1782 வாக்கில் ஹைதர் அலியோடு நடந்த சண்டையில் சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்கள் பாழாகிப் பஞ்சம் வந்தது. பிழைக்க வழியில்லாதவர்கள் பட்டணத்துக்குள் வந்து விழுந்தார்கள். ராயபுரத்துப் பக்கம் ஊர் மணியக்காரர் ஒருவர் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. மணியக்காரர் சத்திரம் ஆங்கிலேயர் வாயில் 'மணிகார் சௌல்ட்ரி' ஆனது. பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்தார்கள். அந்த நூற்றாண்டு முடிகிற தறுவாயில் ஜான் அண்டர்வுட் என்ற ஆங்கில மருத்துவர் உள்ளூர் ஜனங்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கினார். பின்னால் அதுவும் சத்திரமும் ஒன்றாகச் சேர்ந்தன. அரசாங்கம் அதை முழுசாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது 20-ஆம் நூற்றாண்டில்தான். அதாவது முதலில் கஞ்சி, அப்புறம் மருந்து, கடைசியில்தான் சர்க்கார்.

காலனி ஆட்சியில் பொது ஆஸ்பத்திரி எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால், "வெள்ளைக்காரன் கட்டினான், வெள்ளைக்காரன் நடத்தினான்" என்று பாராட்டாகவோ வசையாகவோ சொல்லிவிடுகிறோம். அது கால்வாசி உண்மை. மீதி முக்கால்வாசியைப் பார்க்கக் கணக்குப் புத்தகம், சமையலறை, வராந்தா மூன்றுக்கும் போக வேண்டும்.

ஆங்கிலேயர் தங்களுக்காகக் கட்டியது வேறு கதை. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் 1664 நவம்பரில் எட்வர்ட் விண்டர் காலத்தில் தொடங்கிய சின்ன ஆஸ்பத்திரிதான் இன்றைய சென்னை ஜி.ஹெச்.சின் மூலம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலச் சிப்பாய்களுக்காக வந்தது அது. இதில் கருணையைவிடக் கணக்கு அதிகம். லண்டனிலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய ஒரு ஆள் காய்ச்சலில் செத்தால், அந்தச் செலவு முழுவதும் நஷ்டம். 1772-இல் இப்போது சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கும் இடத்துக்கு வந்தது. இந்தியர்களுக்கு அதன் கதவு திறந்தது 1842-இல். கணக்குப் போட்டால் 178 வருஷம். திறந்த பிறகும் ஐரோப்பியர் வார்டு தனி, 'நேட்டிவ்' வார்டு தனி.

இதற்கு நடுவில் 1819-இல் கண் மருத்துவமனை, 1835-இல் ஜி.ஹெச்.சை ஒட்டி மருத்துவப் பள்ளி, 1844-இல் பிரசவ ஆஸ்பத்திரி என்று பட்டணத்தில் ஒவ்வொன்றாக வந்தன. மருத்துவப் பள்ளி 1850-இல் கல்லூரியானது. மாகாணத்தின் மற்ற ஊர்களுக்கு வருவோம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதலில் பணம். 1857 கலகத்துக்குப் பிறகு கல்கத்தா சர்க்காரின் கஜானா எப்போதும் இழுபறியில் இருந்தது. 1870-இல் வைஸ்ராய் மேயோ ஒரு வழி கண்டுபிடித்தார். போலீஸ், சிறை, கல்வி, ரோடு, மருத்துவம் போன்றவற்றை மாகாணங்களின் தலையில் வைத்து, ஒரு குறிப்பிட்ட தொகையைக் கொடுத்து, போதாததற்கு நீங்களே வரி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். சென்னை மாகாணத்தில் அதன் பலன் 1871-இல் வந்த இரண்டு சட்டங்கள்: கிராமப்புறத்துக்கு லோக்கல் ஃபண்டு சட்டம், நகரங்களுக்கு நகர மேம்பாட்டுச் சட்டம். 1884-இல் இவை மாறி தாலுகா போர்டு, ஜில்லா போர்டு, முனிசிபாலிட்டி என்று நமக்குத் தெரிந்த உருவத்துக்கு வந்தன. சின்ன ஊர்களில் இருந்த ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் இந்த நிதியில்தான் ஓடின. சில ஊர்களில் எல்.எஃப். ரோடு என்று ஒரு தெரு இன்றும் இருக்கும். அந்த எல்.எஃப். இந்த லோக்கல் ஃபண்டுதான்.

லோக்கல் ஃபண்டின் பெரும்பங்கு நிலவரியோடு சேர்த்து வசூலித்த செஸ் என்ற கூடுதல் வரி. இதில் ஒரு பொறி இருந்தது. மழை பொய்த்தால் நிலவரியில் தள்ளுபடி வரும். நிலவரி குறைந்தால் செஸ்ஸும் குறையும். செஸ் குறைந்தால் மருந்து வாங்கப் பணம் குறையும். ஆனால் மழை பொய்த்த வருஷத்தில்தான் ஜனங்கள் எலும்பும் தோலுமாக, காலராவும் வயிற்றுக்கடுப்புமாக ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவார்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம், இந்த ஏற்பாடு அமலுக்கு வந்து ஐந்தே வருஷத்தில் வந்தது. எப்போது தேவை அதிகமோ அப்போது கை வறண்டு போகிற மாதிரி ஒரு நிதியை அமைத்ததை நான் வெறும் கவனக்குறைவு என்று நினைக்கவில்லை. நோய் உள்ளூர் விவகாரம், வருமானம் பேரரசின் விவகாரம் என்ற எண்ணம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

ஓட்டையை அடைக்க வந்தவர்கள் உள்ளூர்ப் பணக்காரர்கள். தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி என்று பெயரே சொல்கிறது யார் பணம் என்று. வேல்ஸ் இளவரசர் 1875-இல் இந்தியா வந்ததன் நினைவாகக் கட்டியது; நிலமும் பணமும் தந்தவர்கள் தஞ்சைச் சீமை மிராசுதார்கள். பம்பாயில் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார், 1845-இல் ஜே.ஜே. ஆஸ்பத்திரி வந்தது. புனேயில் டேவிட் சசூன் பணத்தில் சசூன் ஆஸ்பத்திரி. கல்கத்தா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நிலம் கொடுத்தது மோத்திலால் சீல். சர்க்கார் என்ன கொடுத்தது? சம்பளத்துக்கு ஆளும் மேற்பார்வையும். தர்மவானுக்குக் கல்வெட்டு, கூடவே ஒரு ராவ் பகதூர் பட்டம் வரலாம் என்ற நப்பாசை. 'தர்மாஸ்பத்திரி' என்று நம் ஊரில் சொன்னது மிகச் சரியான சொல். இலவசம் என்ற அர்த்தத்தில் மட்டுமல்ல, யாரோ ஒருவர் செய்த தர்மம் என்ற அர்த்தத்திலும்.

தர்மப் பணத்துக்கு நிபந்தனை உண்டு. சென்னை கோஷா (அதாவது பர்தா) ஆஸ்பத்திரியின் கதை இதற்கு நல்ல உதாரணம். மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண் வக்கீல் கணவரோடு 1866-இல் சென்னைக்கு வந்தவர். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டில், பிரசவத்தில் பெண்கள் சாவதைக் கேட்டுக் கேட்டு மனம் பொறுக்காமல், முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் தாதி வேலை கற்றார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அந்த முதல் நால்வரில் ஒருவரானார். லண்டன் போய் மேற்படிப்பு முடித்துத் திரும்பி வந்து 1885-இல் அவர் தொடங்கியதுதான் கோஷா ஆஸ்பத்திரி. அதன் முழுப்பெயரில் 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும்' என்றே இருந்தது. வேங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். உள்ளே எல்லாம் பெண்கள். பர்தாவுக்குப் பங்கம் வராது. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அந்த வீடுகளிலிருந்து ஒரு பெண்ணும் வந்திருக்க மாட்டாள் என்பது உண்மை. பெயரிலேயே 'சாதி' என்று எழுதிவைத்த பொது ஆஸ்பத்திரி, சாதி இல்லாதவள் என்று ஊர் ஒதுக்கியவளுக்கு என்ன சொல்லியது என்பதும் உண்மை.

நிபந்தனை எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. பம்பாயில் 1926-இல் வந்த கே.இ.எம். ஆஸ்பத்திரியின் மருத்துவக் கல்லூரிக்குப் பணம் தந்த சேட் குடும்பம், அங்கே சொல்லித்தருபவர்கள் எல்லாரும் இந்தியர்களாக இருக்க வேண்டும் என்று கேட்டது. ஒரு ராஜா பணம் போட்ட இடத்தில் வாசல் பெயரில் சாதி இருந்தது என்றால், ஒரு சேட் குடும்பம் பணம் போட்ட இடத்தில் வெள்ளை அதிகாரி வெளியே நின்றார். பணம் போட்டவன் சொல் எடுபட்டது.

அந்த வெள்ளை அதிகாரி யார்? இந்தியன் மெடிக்கல் சர்வீஸ், சுருக்கமாக ஐ.எம்.எஸ். இது ராணுவ சர்வீஸ். ஜில்லா ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் கேப்டன், மேஜர், கர்னல் என்றே அழைக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான். யுத்தம் வந்தால் அவர் படைக்குப் போய்விடுவார். தேர்வு லண்டனில். 1855-இல் போட்டித் தேர்வாக மாறியதும் கல்கத்தாவின் சூர்ஜோ குமார் சக்கரவர்த்தி அதில் தேறினார். அவருக்குப் பின்னும் ரொம்ப நாளைக்கு இந்தியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஜில்லாவில் ஐ.எம்.எஸ். டாக்டருக்கு வேலை ஒன்றா இரண்டா? ஆஸ்பத்திரி, ஜெயில், போலீஸ் அனுப்பும் பிணப் பரிசோதனை, கோர்ட்டில் சாட்சி, கலெக்டர் வீட்டுக் குழந்தைக்குச் சளி. வெளியே காசு வாங்கி வைத்தியம் பார்க்கவும் அனுமதி இருந்தது.

அப்படியானால் ஆஸ்பத்திரியை நாள் முழுக்க நடத்தியது யார்? கீழே இருந்தவர்கள். அப்போதிக்கரிகள் என்ற கீழ்நிலை வைத்தியர்கள் (இந்தச் சொல் இலங்கைத் தமிழில்தான் அதிக நாள் தங்கியது), அசிஸ்டென்ட் சர்ஜன்கள், அவர்களுக்கும் கீழே ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட்கள். இந்தக் கடைசி ஆளுக்குப் பிற்பாடு சப் அசிஸ்டென்ட் சர்ஜன் என்று பெயர் நீண்டது. சம்பளம் அந்த அளவுக்கு நீளவில்லை. ராயபுரம், தஞ்சாவூர் மாதிரி மருத்துவப் பள்ளிகளில் படித்து, பட்டம் இல்லாமல் லைசென்ஸ் மட்டும் வாங்கி வந்த எல்.எம்.பி. டாக்டர்கள் இந்த வகை. சின்ன டவுனில் ஜனங்கள் கண்ட 'சர்க்கார் டாக்டர்' அநேகமாக இவர்தான். எலும்பு முறிவு, பாம்புக்கடி, வெட்டுக்காயச் சர்ட்டிபிகேட் எல்லாம் இவரிடம். மேலே ஒரு துரை எப்போதாவது ஆய்வுக்கு வருவார், ரிஜிஸ்டரைப் புரட்டுவார், கையெழுத்துப் போடுவார்.

எல்.எம்.பி.க்குப் பக்கத்தில் மருந்து கலந்து தரும் கம்பவுண்டர். பழைய வீடுகளின் பரணில் இப்போதும் அந்தப் பாட்டில் கிடைக்கலாம். ஆஸ்பத்திரி பாட்டில் தராது. நாம்தான் கொண்டுபோக வேண்டும். பெரிய ஜாடியில் முன்னாலேயே கலந்து வைத்த மிக்சரைக் கம்பவுண்டர் அதில் ஊற்றுவார். ஒரு நீளமான காகிதத் துண்டை மடித்து ஓரத்தில் கத்தரியால் வெட்டி, விரித்தால் வரிசையாகப் பல் தெரியும். அதைப் பாட்டிலின் பக்கத்தில் பசை தடவி ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அளவு தெரியும். அந்தக் காலத்து மருத்துவ நிர்வாகத்தில் நோயாளியை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இந்தக் காகிதப் பல்லைத்தான் சொல்வேன்.

மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா, அதாவது குவினைன். அது மட்டும் இங்கேயே விளைந்தது. நீலகிரியில் நடுவட்டம் பக்கம் 1860-களில் சிங்கோனா மரம் வைத்து, சர்க்காரே ஆலை வைத்துக் கொயினா எடுத்தது. மற்ற மருந்து, கத்தி, ஊசி பெரும்பாலும் சீமையிலிருந்து கப்பலில் வந்து, மருந்துக் கிடங்கிலிருந்து வருஷக் கணக்குக்குப் பிரித்து அனுப்பப்படும். தீர்ந்துபோனால் அடுத்த வருஷம்தான்.

சமையலறைக்கு வருவோம். படுக்கை நோயாளிக்குச் சாப்பாடு போட வேண்டும். யார் சமைப்பது? யார் பரிமாறுவது? யார் பக்கத்தில் யார் கட்டில்? ஐரோப்பிய டாக்டர்கள் இதை மூடநம்பிக்கை என்று எழுதிக்கொண்டே, நடைமுறையில் முழுசாக விட்டுக்கொடுத்தார்கள். தனிச் சமையல்காரர், தனி வார்டு, சில இடத்தில் தனித் தண்ணீர்ப் பானை. அதுவும் போதாதவர்களுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு. உறவுக்காரர்கள் வளாகத்து மரத்தடியில் மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது, விசிறுவது, ஈரத்துணி போடுவது, ராத்திரி கூட இருப்பது எல்லாம் அவர்கள்தான். 1871-லேயே சென்னை ஜி.ஹெச்.சில் நர்ஸ் பயிற்சி தொடங்கிவிட்டது உண்மை. ஆனால் அந்த எண்ணிக்கை முதலில் ஐரோப்பிய வார்டுக்கே காணாது. மலச்சட்டி எடுப்பவரும் தரை கழுவுபவரும் இல்லாமல் ஒரு நாள்கூட வார்டு நடக்காது. அவர்களைப் பதிவேடு 'தோட்டி' என்றே குறித்தது, சம்பளத்தையும் அதற்கேற்ற கடைசி வரியில் போட்டது. அவர்களும் அவர்கள் குடும்பமும் நோயாளியாக வந்தால் எந்த ஓரத்துக் கட்டில் கிடைத்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் பயந்தார்கள். உள்ளே போனால் அறுத்துவிடுவார்கள் என்பது பரவலான பேச்சு. அது வெறும் வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. 1836-இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்துக் காட்டியதை வரலாறு வீரச் செயலாகப் பதிவு செய்கிறது. மாணவர்கள் படிக்கக் கிடைத்த பிணங்கள் கேட்க நாதியற்றவர்களுடையவை. 1903-இல் சென்னை ஜி.ஹெச்.சில் சார்லஸ் டோனோவன் கறுப்புக் காய்ச்சலின் கிருமியைக் கண்டார். இறந்தவர்களின் மண்ணீரலில் முதலில் பார்த்ததை, காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு 12 வயதுப் பையனின் மண்ணீரலில் ஊசி குத்தி உறுதிசெய்தார். கிருமிக்கு லெய்ஷ்மன், டோனோவன் இருவர் பெயரும் வந்தது. எவ்வளவோ உயிர்களைக் காப்பாற்ற வழி திறந்த கண்டுபிடிப்பு அது. ஆனால் பையனின் அம்மா அந்த ஊசியை எப்படிப் பார்த்திருப்பாள்?

பயம் கோபமாக மாறியது பம்பாயில். 1896-இல் பிளேக் வந்தபோது, நோய் என்று சந்தேகப்பட்டவர்களை வீட்டிலிருந்து பிடித்து ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்டோபரில் மில் தொழிலாளிகள் கூட்டமாக வந்து அந்த ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். அதன் பிறகுதான் நிர்வாகம் கொஞ்சம் இறங்கிவந்து, சாதிக்கும் சமூகத்துக்கும் தனித்தனி ஆஸ்பத்திரி அமைத்துக்கொள்ள வழிவிட்டது.

சர்க்காருக்கும் பயம் இருந்தது. 1924 ஜனவரி 12. எரவாடா ஜெயிலில் இருந்த காந்திக்குக் குடல்வால் அழற்சி. சசூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். உடனே அறுக்க வேண்டும் என்றார் கர்னல் மேடக். காந்தி வெள்ளைக்கார டாக்டரின் கத்தியின் கீழ் செத்துப்போனால் நாடு என்ன ஆகும்? அவர் நம்பும் பம்பாய் டாக்டர்களுக்கு ஆள் அனுப்ப நேரம் போதாது. புனேயில் இருந்த மிதவாதத் தலைவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியை அழைத்தார்கள். சம்மதத்தோடுதான் அறுவை நடக்கிறது என்று சாஸ்திரி எழுதிக் கொடுக்க, நடுங்கும் கையால் காந்தி கையெழுத்திட்டார். ஆஸ்பத்திரிகள் பாவத்தைப் பரப்பும் இடங்கள் என்று 1909-இல் எழுதியவர் அவர். அறுவை நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. கடைசிப் பகுதியை அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள்.

அதற்குள் அதிகாரமும் கைமாறத் தொடங்கியிருந்தது. 1919 சீர்திருத்தத்தில் மருத்துவத் துறை இந்திய மந்திரிகளிடம் வந்தது. வந்தது துறை; நிதி இலாகா வெள்ளையரிடமே நின்றது, பெரிய பதவிகள் ஐ.எம்.எஸ்.சுக்கென ஒதுக்கியபடியே இருந்தன. சென்னையில் ஜஸ்டிஸ் கட்சி முதல் மந்திரி பனகல் ராஜாவின் ஆட்சி இந்த இடுக்கில் சில காரியங்கள் செய்தது. 1924-இல் கிராமத்தில் போய் உட்காரும் டாக்டருக்கு மானியம் தரும் திட்டம், 1925-இல் கீழ்ப்பாக்கத்தில் சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியம் சொல்லித்தரும் பள்ளி. மானியத் திட்டம் எனக்குப் புத்திசாலித்தனமாகவே தெரிகிறது. கட்டடம் கட்டி ஆள் வைக்கப் பணமில்லாத மந்திரி, ஆளை மட்டும் அனுப்பினார்.

வெள்ளையர் ஆட்சி முடிகிற நேரத்தில் ஜோசப் போர் என்ற அதிகாரியின் தலைமையிலான குழு மொத்தக் கணக்கையும் எடுத்து 1946-இல் அறிக்கை கொடுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயிரம் பேருக்கு 0.24 படுக்கை, அதாவது நாலாயிரம் பேருக்கு ஒன்று. சுமார் 6,300 பேருக்கு ஒரு டாக்டர். நர்ஸ் 43,000 பேருக்கு ஒருவர். ஒரு மருந்தகத்தில் டாக்டர் ஒரு நோயாளிக்குச் செலவிட்ட நேரம் சராசரி 48 விநாடி என்றும் அதில் வருகிறது. நாக்கை நீட்டு, மூச்சை இழு, மிக்சர் நம்பர் இன்னது; 48 விநாடி ஆகிவிடும்.

43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்ற வரியைப் படிக்கும்போது மரத்தடி அடுப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது. மதுரையில் 1940-இல் கவர்னர் எர்ஸ்கின் பெயரில் திறந்த ஆஸ்பத்திரி இப்போது ராஜாஜி பெயரில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு இரண்டு பெயரும் இல்லை, பெரியாஸ்பத்திரி. சாயங்காலம் அதன் வாசலில் தூக்குவாளியில் ரசம் சாதத்தோடு நிற்கிற கூட்டத்தில், "கூட இருக்க யார் வந்திருக்கீங்க?" என்று காவலாளி கேட்டுக்கொண்டிருப்பார்.